சாப்பாட்டு மேசையில் டிக்கால் நகரம்

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் தொலைபேசி எடுத்து, "உமக்கு வேற வேலை இல்லையோ?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அக்கா என்றே இருக்கட்டும்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் வீட்டின் சின்ன அறையை வாடகைக்குக் கேட்டு அவர் வந்த நாள் நல்ல மழை. அந்த ஊரில் மழை இல்லாத நாளில் ஒருவர் வீடு பார்க்க வந்தால்தான் அது செய்தி. நான் அறையைத் திறந்து கட்டில், அலுமாரி, ஹீட்டர் எல்லாம் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே போய் யன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, கூரையின் மழைத்தண்ணீர் ஓடும் பீலியைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி எங்கால போகுது?"

"கீழ போகுதக்கா."

"கீழ எண்டா எங்க?"

எனக்குத் தெரியாது. நாலு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. என் கணவர் கதவடியில் நின்று, "அதெல்லாம் வீட்டுக்காரன் பாப்பானக்கா, நீங்கள் ஏன் யோசிக்கிறியள்?" என்றார். அக்கா குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை ஈரம். முகத்தில் ஒரு திருப்தி.

"தெருவுக்குக் கீழ குழாய் போகுது. அதால வுப்பர் ஆத்துக்குப் போகுதாக்கும். சரி, நான் வாறன்."

போய்விட்டு வாறன் என்கிறாரோ என்று நினைத்தேன். குடியிருக்க வாறன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை பெட்டியோடு வந்து இறங்கிவிட்டார்.

தண்ணீர் எங்கே போகிறது என்ற அந்தக் கேள்விதான் அக்கா. அவரை நினைக்கும்போது எனக்கு முகம் பிறகுதான் வரும், அண்ணாந்து கூரையைப் பார்க்கும் கழுத்துத்தான் முதலில் வரும். ஓகஸ்டில் நாங்கள் தமிழ்ச் சனம் பஸ் பிடித்துக் கேவலார் மாதா கோவிலுக்குப் போவோம். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்துவோம். அக்கா சைவம், ஆனால் முன்வரிசையில் நின்று கும்பிடுவார். கும்பிட்டு முடிந்ததும் ஆளைக் காணவில்லை என்று தேடினால் கோவிலின் பின்பக்கம் நிற்பார். மழைநீர் கக்கும் கல் மிருகங்களைப் பார்த்துக்கொண்டு, "உதின்ர வாய் அடைச்சுப்போய்க் கிடக்குது, பாரும்," என்பார். மாதாவிடம் என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்டால், அதை உமக்கு ஏன் சொல்லவேணும் என்று வாயை அடைத்துவிடுவார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாததும் நிறைய. ஒருமுறை எங்கள் நிலக்கீழ் அறையில் ஈரம் கசிந்தது. எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லி, முற்றத்துக் குழாய் ஒன்றைப் பழந்துணியால் அடைத்தார். கண்டுபிடித்தார்தான். பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவரின் நிலக்கீழ் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிய பிறகு கண்டுபிடித்தார். அந்தக் கிழவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு இறங்கினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமை முழுக்க அடுத்தவர் வீட்டுத் தண்ணீரை நாங்கள் இருவரும் அள்ளி ஊற்றினோம். எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அக்கா மட்டும், "இப்ப விளங்கிட்டுது. ரெண்டு வீட்டுக் குழாயும் ஒண்டுதான்," என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் வரையப் படிக்கத் தொடங்கியிருக்கிறார். சண்டை வந்து வகுப்புகள் நின்றுபோக, மிச்சத்தை மறந்துவிடு என்று சொல்லி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மறக்கவில்லை. இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஜெர்மன் படித்தவர். வேலைக்குப் போகும் வழியில் எங்காவது கூரை பிரித்து வேலை நடந்தால் நின்றுவிடுவார். அதனால் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் அதிகம்.

டோர்ட்மண்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். எங்கள் வீட்டில்தான் பலகாரம், தேத்தண்ணி. மாப்பிள்ளை நல்ல மனிதர், தமக்கையோடு வந்திருந்தார். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அக்கா, "எனக்கு ஒண்டு சொல்லவேணும். நான் மூண்டு வருசம் ஆஸ்பில்டுங் செய்யப்போறன். கட்டடப் படம் கீறுற வேலை பழகப்போறன். அதுக்குப் பிறகெண்டா எனக்குச் சம்மதம்," என்றார்.

"முப்பத்தாறு வயசிலயோ?" என்று தமக்கை கேட்டார்.

"ஓம். மூண்டு வருசம் போனா எனக்கு எப்பிடியும் முப்பத்தாறுதானே வரும். படிச்சாலும் வரும், படிக்காட்டிலும் வரும்."

மாப்பிள்ளை சிரித்தார். தமக்கை சிரிக்கவில்லை. மிஞ்சின பலகாரத்தை நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இடம் கிடைக்காத ஒரு படிப்புக்காக வந்த வாழ்க்கையை அனுப்பிவிட்டாரே என்று என் கணவரிடம் புலம்பினேன்.

இடம் கிடைக்காத என்று ஏன் சொன்னேன் என்றால், அப்போது அக்கா ஒரு ஆயத்த வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வகுப்பில் பதினைந்து பேர் இருந்தார்கள், பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். மார்கழியில் ஒவ்வொருவரும் ஒரு கட்டடத்தின் மாதிரியைச் செய்து, எல்லோர் முன்னாலும் ஜெர்மனில் விளக்கவேண்டும். அதைப் பார்க்க ஒரு கட்டடக் கலைஞர் வருவார். தன் அலுவலகத்துக்கு ஒரே ஒருவரை மாணவராக எடுப்பார். அக்கா அதற்கு முன் வேறு இடங்களுக்கெல்லாம் எழுதிப்போட்டார். வயது கூடிவிட்டது என்றுதான் பதில் வந்தது. மிஞ்சியிருந்தது அந்த ஒரு இடம்.

வகுப்பு ஆசிரியை உலகத்துக் கட்டடங்களின் படங்களை மேசையில் பரப்பி, விரும்பியதை எடுங்கள் என்றாராம். அன்றைக்கும் வழியில் ஏதோ பீலி வேலை நடந்திருக்கிறது. அக்கா போய்ச் சேர்ந்தபோது கோட்டை, கோபுரம், பாலம் எல்லாம் போய்விட்டன. ஒரு படம்தான் மிச்சம் கிடந்தது. காட்டு மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் செங்குத்தான கல் கோயில். குவாத்தமாலா நாட்டில் மாயா மக்கள் கட்டிய டிக்கால் நகரம்.

"இஞ்ச தண்ணி எங்கால போகுது?" என்பதை அக்கா ஜெர்மனில் கேட்டிருக்கிறார்.

அங்கே ஆறே இல்லை, ஏரியும் இல்லை என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆறில்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான சனம் எப்படி நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தது? அக்காவுக்கு அது போதும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னமே, "பிள்ளை, யாழ்ப்பாணம் மாதிரி ஒரு ஊர் அகப்பட்டிருக்கு," என்றார்.

உண்மைதான். யாழ்ப்பாணத்திலும் ஆறு கிடையாது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும், அவ்வளவுதான். நான் மன்னார் பெருநிலத்துக்காரி, குளத்தோடு வளர்ந்தவள். அதனால் குளத்தைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். குளக்கட்டு எப்படி இருக்கும், நிரம்பினால் தண்ணீர் எதனால் வெளியேறும் என்று துருவித் துருவிக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசை போயிற்று. ஒரு பெரிய பலகையைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டார். நாங்கள் நிலத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். இவர் வேலையால் வந்ததும், "இண்டைக்கு அரசர் இருக்கிறாரோ, செத்துப்போனாரோ?" என்று கேட்பார். அக்கா கோபிக்காமல் அன்றைக்குப் படித்ததைச் சொல்வார். நூலகத்துப் புத்தகங்கள் ஒரு பக்கம், அகராதி ஒரு பக்கம்.

அப்படித்தான் அந்த நகரத்தை நானும் தெரிந்துகொண்டேன். நடுவில் பெரிய முற்றம். கிழக்கே ஒரு கோயில், மேற்கே ஒரு கோயில், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. கிழக்குக் கோயிலின் அடியில் ஒரு அரசனின் கல்லறை. மேற்கில் உள்ளது அவன் மனைவிக்காக என்று சொல்கிறார்கள். வடக்கே பழைய அரசர்களைப் புதைத்து, அதன் மேல் கட்டி, பிறகு அதன் மேலும் கட்டி உயர்ந்துபோன மேடை. தெற்கே அரண்மனை. கோயில் உச்சியில் இருந்த அறையை விட அதன் கூரைக்கு மேலே எழுப்பிய கல் மதில்தான் உயரம். தூரத்திலிருந்து வருபவன் காட்டுக்கு மேலால் அதைக் காணவேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்களோ என்னவோ. சுண்ணாம்பு பூசிச் சிவப்பு நிறம் அடித்திருந்தார்களாம். இரும்பு ஆயுதம் இல்லை, பாரம் இழுக்க மாடோ குதிரையோ இல்லை, வண்டிச் சக்கரமும் இல்லை.

வளைவு கட்டும் முறையும் அவர்களுக்கு வேறு. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் ஒவ்வொரு கல்லையும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, மேலே சந்திக்கும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லால் மூடிவிடுவார்கள். அதனால் அறைகள் ஒடுக்கம். அது எப்படி விழாமல் நிற்கிறது என்று பார்க்க அக்கா என் சீனிக்கட்டிகளை எடுத்து அடுக்கினார். விழுந்தது. திரும்ப அடுக்கினார், திரும்ப விழுந்தது. கடைசியில் என் பருப்புப் பக்கெட்டுகளை இரண்டு பக்கமும் பாரமாக வைத்தபோது நின்றது. "பின்னால பாரம் இருந்தாத்தான் முன்னால நீட்டலாம்," என்றார். எனக்குப் பருப்பு வேண்டியிருந்தது. எடுக்க விடவில்லை. இரண்டு நாள் கத்தரிக்காய்தான்.

ஆனால் அவருடைய மனம் முழுக்க முற்றத்தில்தான் இருந்தது. நகரத்தின் நடுப்பகுதி முழுவதும் சாந்து பூசிய தரை. பெய்யும் மழை நிலத்துக்குள் இறங்காமல், சரிவில் ஓடி, அரண்மனைக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த தேக்கங்களுக்குப் போய்ச் சேரும். சில மாதம் மழையே வராத ஊர், அந்தத் தண்ணீரில்தான் பிழைத்தது. முற்றம் என்பது வெறும் முற்றமில்லை, முழு நகரத்துக்கும் அதுதான் பீலி. "மற்றவை எல்லாரும் வடிவு காட்டப்போகினம். நான் தண்ணி ஊத்திக் காட்டப்போறன்," என்றார். ஊற்றிய தண்ணீர் தேக்கத்துக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தால் இடம் கிடைக்கும் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

அப்போதுதான் ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்டோபர் கடைசி. சண்டை யாழ்ப்பாண நகரத்தை நெருங்க, அங்கிருந்த சனம் முழுவதும் ஒரே இரவில், கொட்டும் மழையில், கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டுப் போய்விட்டது. அக்காவின் அம்மாவும் அந்தச் சனத்துக்குள். எந்தப் பக்கம் போனார், இருக்கிறாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. பாரிஸ், லண்டன், டொரொன்டோ என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தோம். அவர்களும் எங்களிடம்தான் கேட்டார்கள்.

அக்கா சாப்பிடவில்லை. நித்திரையும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் வகுப்புக்கு வெளிக்கிட்டார். பின்னேரம் வந்து மேசையில் சாந்து குழைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கோவன். அங்க ஊரே வெறிச்சுப்போய்க் கிடக்கு, நீங்கள் இஞ்ச ஊர் கட்டிக்கொண்டிருக்கிறியள்."

"நான் நிப்பாட்டினா அம்மா வந்திடுவாவோ?"

"அதுக்கில்லையக்கா..."

"அப்ப விடும். நீர் அழுகிறதெண்டா அழும். எனக்கு இப்ப ஏலாது."

எனக்கு அந்த நகரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கோயில், அரண்மனை, முற்றம் எல்லாம் இருக்கிறது, ஆள் இல்லை. தொலைக்காட்சியில் காட்டிய யாழ்ப்பாணத்துத் தெருக்களும் அப்படித்தான் கிடந்தன. அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் அதன் மேல் ஒரு கட்டில் விரிப்பைப் போட்டு மூடினேன். வந்ததும் அதை எடுத்து மடித்து வைத்தார்.

விளக்கம் சொல்லவேண்டிய நாளுக்கு ஒரு கிழமை முன்னர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தரை காய்ந்து, மெழுகெண்ணெய் பூசி, பளபளவென்று இருந்தது. நான் பால் ஊற்றும் ஜாடியால் ஊற்றினேன். இவர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஓடியது. அழகாகத்தான் ஓடியது. ஆனால் அரண்மனைப் பக்கம் போகவில்லை. வடகிழக்கு மூலைக்கு ஓடி, கிழக்குக் கோயிலின் படியடியிலும் பழைய அரசர்களின் கல்லறை மேடையிலும் குட்டையாக நின்றது. கொஞ்ச நேரத்தில் கோயிலின் கீழ்ப்படி ஊறிக் கழன்று விழுந்தது.

அக்கா பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். நகரப் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

"ஈசான மூலை," என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டும்போது கிணறு வடகிழக்கு மூலையில்தான் வெட்டுவார்கள். முற்றத்துத் தண்ணீரும் அந்த மூலைக்குத்தான் வடியவேண்டும். அதுதான் ஐதீகம். அக்கா படித்ததும் வரைந்ததும் அப்படியான வீடுகளைத்தான். அம்மாவை நினைத்துக்கொண்டு தரையைத் தேய்த்த அந்த நாட்களில் படத்தைப் பார்க்காமலே, கை பழகிய பக்கம் சரித்திருக்கிறது. மாயா அரசனின் நகரத்தில் யாழ்ப்பாணத்து முற்றம்!

இவர் ஆறுதல் சொன்னார். "அக்கா, அண்டைக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ. சும்மா பாத்தா ஒருத்தருக்கும் விளங்காது. வடிவா இருக்குது. வாயால சொல்லுங்கோ, இப்பிடிப் போகும், அங்க சேரும் எண்டு."

"போகாத தண்ணியைப் போகும் எண்டு சொல்லவோ?"

"இடம் கிடைக்கவேணுமெல்லோ?"

"கிடைக்கவேணும்தான் தம்பி. அந்தச் சுத்தியலை எடுத்துத் தாரும்."

உடைத்தார். கோயில்களைப் பத்திரமாகக் கழற்றி என் கட்டிலில் அடுக்கிவிட்டு, முற்றம் முழுவதையும் கொத்தி எடுத்தார். குசினி முழுக்க வெள்ளைத் தூசி. சோற்றுப் பானையிலும் சுண்ணாம்பு வாசம் அடித்தது. அந்தக் கிழமை அவர் வேலை, வகுப்பு, சாந்து என்று மூன்றுக்கும் நடுவே ஓடினார். நான் அரைமனதோடுதான் குழைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாளில் எனக்கே பிடிவாதம் வந்துவிட்டது. சரிவு போதுமா என்று ஒரு கண்ணாடிக் குண்டை உருட்டி உருட்டிப் பார்த்தேன்.

விளக்கம் சொல்லும் நாள் காலையில் தொலைபேசி அடித்தது. அக்காவின் மாமா வவுனியாவுக்கு வந்து அங்கிருந்து எடுத்தார். அக்கா நின்றபடி கேட்டார். நிறைய நேரம் கதைக்கவில்லை. வைத்துவிட்டு, "அம்மா இருக்கிறா. கிளிநொச்சிப் பக்கம்," என்றார். நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "வாரும், பலகையைத் தூக்குவம். நேரம் போகுது," என்றார்.

டிக்கால் நகரத்தை நாங்கள் மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் ரயிலில் கொண்டுபோனோம். கீழே வுப்பர் ஆறு, மேலே நாங்கள், மடியில் பலகை. எதிரில் இருந்த ஜெர்மன் அம்மா, பிறந்தநாள் கேக்கா என்று கேட்டார். நகரம் என்றார் அக்கா. எந்த நகரம் என்று கேட்டார். அக்கா விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

வகுப்பில் எல்லோருடைய மாதிரிகளும் அழகாக இருந்தன. ஒரு பையன் செய்த பாலம் அவ்வளவு நேர்த்தி. கட்டடக் கலைஞர் நரைத்த தலை, கழுத்தில் சால்வை. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் இருந்தார். அக்காவின் முறை வந்தது. ஒடுக்கமான அறைகள், உயரக் கூரைமதில், ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டிய மேடை எல்லாவற்றையும் நிதானமான ஜெர்மனில் சொன்னார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நான் ஜாடியைக் கொடுத்தேன்.

ஊற்றினார். தண்ணீர் முற்றத்தின் நடுவில் நின்றது. நகரவில்லை. பலகையின் ஒரு மூலையை விரலால் கொஞ்சம் தூக்கிவிடலாமா என்று பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். "கொஞ்சம் பொறுங்கள்," என்று ஜெர்மனில் சொன்னார். எல்லோரும் எழுந்து சுற்றி வந்து நின்றார்கள். தண்ணீர் மெல்ல அசைந்து, தெற்கே திரும்பி, அரண்மனை ஓரத்து வாய்க்காலால் இறங்கி, பின்னாலிருந்த பள்ளத்தில் சேர்ந்தது. கோயில் படிகளில் ஒரு துளி இல்லை. யாரோ கைதட்டினார்கள்.

கட்டடக் கலைஞர் குனிந்து தேக்கத்தைப் பார்த்தார். "இவ்வளவு கவனமாகக் கட்டியவர்கள் ஏன் விட்டுவிட்டுக் காணாமல் போனார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கே மனப்பாடம். வறட்சி, அரசர்களுக்கிடையே போர், பஞ்சம், கல்வெட்டு எழுதுவதே நின்றுபோனது என்று அக்கா வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். அதைச் சொல்லத் தொடங்கினார். வறட்சி என்ற சொல்லோடு நிறுத்திவிட்டார்.

"அவர்கள் காணாமல் போகவில்லை," என்றார் பிறகு. "அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகள் அந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். ஏன் விட்டுப் போனார்கள் என்று புத்தகங்களில் பல காரணம் இருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியாது. என் அம்மா போன மாதத்துக்கு முதல் மாதம் எங்கள் ஊரை விட்டுப் போனார். ஊர் முழுவதும் போயிற்று. போகும் முன் அம்மா கிணற்றைத் தகரத்தால் மூடி, பறக்காமல் இருக்கக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குப்பை விழக்கூடாது என்று. இன்று காலைதான் எனக்குச் சொன்னார்கள். இந்த நகரத்திலும் யாராவது தேக்கத்தைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் போயிருப்பார்கள். திரும்பி வரலாம் என்று நினைத்துத்தான் போயிருப்பார்கள். அதுமட்டும் எனக்குத் தெரியும்."

ஆசிரியை நேரம் முடிந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா நன்றி சொல்லிவிட்டு, சாந்து ஊறிவிடும் என்று ஒரு தேக்கரண்டியால் தண்ணீரை அள்ளி எடுக்கத் தொடங்கினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாடியைப் பிடித்தேன்.

எல்லாம் முடிந்து பலகையைத் தூக்கும்போது அந்த மனிதர் கதவடிக்கு வந்தார். ஓகஸ்டில் தொடங்கலாம் என்றார். ஜெர்மன் எழுத்து இன்னும் திருந்தவேண்டும் என்றும் சொன்னார். "திருத்துவேன்," என்றார் அக்கா. கை கொடுத்தார். எனக்குத் துள்ளவேண்டும் போல் இருந்தது. கையில் பலகை இருந்ததால் துள்ளவில்லை.

வெளியே வந்ததும் அக்கா தெருவோர வாங்கு ஒன்றில் உட்கார்ந்தார். நகரத்தைப் பக்கத்தில் வைத்தோம். சந்தோஷத்தில் களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

"மாமா சொன்னதை நான் உமக்கு முழுக்கச் சொல்லேல்லை, பிள்ளை. அம்மா மாமாட்டக் கேக்கச்சொல்லி விட்டவவாம். சண்டை ஓய்ஞ்சு நாங்கள் வீட்டை திரும்பிப் போகேக்க அவளும் வந்திடுவாள்தானே எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம், வந்திடுவன் எண்டு சொல்லச்சொன்னனான்."

நான் பலகையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

"இனி மூண்டு வருசம் படிப்பு. பிறகு வேலை. நான் போகமாட்டன். இவ்வளவு பாடுபட்டது போகாம இருக்கிறதுக்குத்தானே? அது எனக்கு இப்பதான் விளங்குது. அம்மாட்டப் பொய் சொல்லிப்போட்டன்."

அழுதார். அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார்.

மாமா ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுத்தார். இடம் கிடைத்ததா என்று கேட்கவே வவுனியாவில் தங்கி நின்றிருக்கிறார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா இடம் கிடைத்ததைச் சொன்னார். மாமா சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். பிறகு அக்காவின் குரல் மாறியது.

"மாமா, அண்டைக்குச் சொன்னதை அம்மாட்டச் சொல்லாதேங்கோ. ஆரிட்டையும் சொல்லி அனுப்பியிருந்தா மாத்திச் சொல்லுங்கோ. நான் வரமாட்டன். ஓம். ஊருக்குத் திரும்பி வரமாட்டன். இஞ்சதான் இருக்கப்போறன். ஏலுமெண்டா அம்மாவை இஞ்ச கூப்பிடுவன், எப்ப எண்டு தெரியாது."

மாமா அந்தப் பக்கம் நிறையச் சொல்லியிருக்கவேண்டும். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். வெட்டுவதை நிறுத்திவிட்டு நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"அழட்டும் மாமா," என்றார் கடைசியில். "அழட்டும். ஆனா வராத ஆளைப் பாத்துக்கொண்டிருக்கவேண்டாம்."